அறுபத்திரண்டு மில்லிமீட்டர்

செப்டம்பர் 9, செவ்வாய்

இது ஆலையில் கொடுத்த புது நோட்டு. வீட்டு விஷயம், மனக்குறை எதுவும் இதில் எழுதப்போவதில்லை. என் மலைச் சைக்கிளின் சீட் போஸ்ட்டைப் பற்றி மட்டும்தான் எழுதுவேன். சீட் போஸ்ட் என்பது சீட்டுக்கு அடியில் நிற்கும் குழாய். சட்டத்துக்குள் இறங்கி, கிளாம்ப் பிடித்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். அதற்கு வேறு வேலையே கிடையாது. என்னுடையது அந்த ஒரு வேலையையும் செய்வதில்லை.

இன்று காலை ஐந்தரைக்குச் சைக்கிளை எடுத்தேன். சீட்டு இறங்கியிருந்தது. போன மாதத்திலிருந்தே அடிக்கடி இப்படித்தான். ஏற்றி, லீவரை இறுக்கிவிட்டுப் போனேன். பம்புசெட் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருபத்தேழு வருடம் இருப்பவன் நான். என் கையெழுத்தில்லாமல் ஒரு மோட்டார் வெளியே போனதில்லை. என் சொந்த வீட்டு வாசலில் ஒரு குழாய் எனக்கு அடங்க மறுக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு அன்று எங்கள் சைக்கிள் கிளப்பின் வருடாந்திர ஆனைகட்டிப் பயணம். போன வருடம் மாங்கரை தாண்டி முதல் மேட்டிலேயே நான் கால் ஊன்றி, வேனில் ஏறி, கடலைமிட்டாய் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தேன். அன்றிலிருந்து ஆலையில் என் பெயர் வேன் சென்னியப்பன். இந்த வருடம் கால் ஊன்றாமல் மேலே போவேன் என்று கேன்டீனில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்னதைச் செய்ய வேண்டும். அதற்குச் சீட்டு நிற்க வேண்டும்.

செப்டம்பர் 10, புதன்

மறுபடியும் இறங்கியிருந்தது. வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். 62 மில்லிமீட்டர்.

செப்டம்பர் 12, வெள்ளி

62. புதன்கிழமை போஸ்ட்டில் மார்க்கரால் கோடு போட்டிருந்தேன். கோடு சட்டத்துக்குள் போய்விட்டது. வழக்கமாக வழுக்குகிற பொருள் ஒரு நாள் பத்து இறங்கும், ஒரு நாள் நாற்பது இறங்கும். தினமும் மில்லி பிசகாமல் ஒரே அளவு இறங்கும் குறைபாட்டை நான் ஆலையில்கூடப் பார்த்ததில்லை. குறைபாடாக இல்லாவிட்டால் பாராட்டியிருப்பேன்.

மாலையில் கவுண்டம்பாளையம் சைக்கிள் கடைக்குப் போனேன். இமானுவேல் நல்ல மெக்கானிக், ஆனால் பேச்சு அதிகம். குழாயின் விட்டம் 30.9, சட்டத்தின் துளையும் 30.9, பொருத்தம் சரிதான் என்றார். 31.6 போட்டால் உள்ளேயே போகாதாம். பிறகு, வீட்டில் வேறு யாராவது ஓட்டுகிறார்களா என்று கேட்டார். யாருமில்லை, என் மனைவி வசந்தாமணி மட்டும்தான் இருக்கிறாள் என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, டீ சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 15, திங்கள்

இறங்கவில்லை. இரண்டாம் சனி விடுமுறை, மறுநாள் ஞாயிறு, இரண்டு நாளும் நான் வீட்டில்தான் இருந்தேன். உலோகத்துக்கும் ஓய்வு தேவைப்படுகிறது போல.

செப்டம்பர் 16, செவ்வாய்

62.

கிளப் வாட்சப்பில் கேட்டேன். முப்பத்தெட்டு பதில் வந்தது. கார்பன் போடு, கார்பன் போடாதே, ஸ்பிரிங் வைத்த போஸ்ட் போடு, எடையைக் குறை. கடைசி ஆலோசனை கிளப் தலைவர் துரைராஜுடையது. அவருக்கு என்னைவிடப் பதினோரு கிலோ அதிகம்.

செப்டம்பர் 18, வியாழன்

சொரசொரப்பான புதுப் போஸ்ட் ஒன்று வாங்கி மாட்டினேன். மேற்பரப்பைத் தடவிப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி இருக்கிறது. இது வழுக்கினால் நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்று இமானுவேலிடம் சொன்னேன்.

வசந்தாமணி ராத்திரி நாலு சப்பாத்தி சாப்பிட்டாள். வழக்கமாக இரண்டு. இது சீட் போஸ்ட் சம்பந்தப்பட்டதல்ல, சும்மா எழுதினேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

மாலையில் வந்து அளந்தால் 62. வேலையை விடவில்லை.

செப்டம்பர் 20, சனி

கையால் தள்ளுகிற லீவர்தான் குற்றவாளி என்று தீர்மானித்து, காலையில் ஆலைக்குக் கிளம்பும் முன் அதைக் கழற்றிவிட்டு, அலன் கீ என்கிற அறுகோணச் சாவி போட்டு முறுக்கும் கிளாம்ப் மாட்டினேன். ஐந்து மில்லி அலன் கீ. இனி அதுவாகத் தளர வழியே இல்லை.

வசந்தாமணி துணி காயப்போட வந்தவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பழைய லீவர்தான் சௌகரியமாக இருந்தது, எதற்கு மாற்றினீர்கள் என்றாள். சௌகரியத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும். முறுக்குவிசை என்றால் என்ன, இழுவிசை என்றால் என்ன என்று கால் மணி நேரம் விளக்கினேன். வாளி காலியாகும்வரை கேட்டாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

62. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஐந்து மில்லி அலன் கீ டூல்ஸ் பெட்டியில் இல்லை. சமையலறையில் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கம் இந்த வீட்டில் கிடையாது என்று சத்தம் போட்டேன். வசந்தாமணி தோசையைத் திருப்பிப் போட்டாள்.

செப்டம்பர் 25, வியாழன்

மூன்று நாளாக இறங்கவில்லை! புதுக் கிளாம்ப் தன் வேலையைக் காட்டுகிறது. கிளப் வாட்சப்பில் போட்டோ போட்டேன். பதினாறு கைதட்டல்.

மூன்று நாளாக வசந்தாமணிக்குக் காய்ச்சல். ரசம் நான் வைத்தேன். நன்றாக இருப்பதாகச் சொல்லி ஒரு வாய் குடித்தாள். இன்று பரவாயில்லை, எழுந்து நடமாடுகிறாள்.

செப்டம்பர் 27, சனி

62. போட்டோவை நீக்கிவிட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று நான் பழகும் ஓணாப்பாளையம் மேட்டில் மறுபடியும் இறங்கித் தள்ளினேன். சீட்டுக் கவலையில் கால் ஓடவில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது வசந்தாமணி, மேடு ஆரம்பிப்பதற்கு முன்பே, புளியமரத்துக்கிட்டேயே சின்ன கியருக்கு மாற்றிவிட வேண்டும், மேட்டில் ஏறிய பிறகு மாற்றினால் செயின் கடமுடா என்று சத்தம் போடும் என்றாள். எங்கே கேள்விப்பட்டாய் என்றேன். டிவியில் என்றாள். இப்போதெல்லாம் டிவியில் நல்ல நிகழ்ச்சிகளும் வருகின்றன.

அவளுடைய மூட்டு வலி குறைந்துவிட்டது என்றும் சொன்னாள். இரண்டு வருட வலி. காரணம் கேட்க நினைத்தேன், அதற்குள் துரைராஜ் போன் செய்துவிட்டார்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

சைக்கிளைக் கழுவித் துடைத்து, சட்டத்துக்கும் ஹேண்டில்பாருக்கும் சீட் போஸ்ட்டுக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, செவ்வந்திச் சரம் போட்டு, வெர்னியரோடும் அரிவாள்மணையோடும் வரிசையில் வைத்தேன். பூஜையில் வைத்ததை நாளைக்கு எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. சக்கரம் நகரக் கூடாது. அதுதான் முறை.

ஜனவரியில் இந்தச் சைக்கிள் வாங்கிய அன்றும் இப்படித்தான் பொட்டு வைத்தோம். நானும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டுமா என்று வசந்தாமணி அன்று கேட்டாள். இது மலைச் சைக்கிள், விழுந்து வைத்தால் யார் பார்ப்பது என்றேன். அப்படி ஒன்றும் கடுமையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். துரைராஜும் பக்கத்தில் நின்று சிரித்தார். எதற்கு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

சீட்டு இம்மியும் இறங்கவில்லை. இரண்டு நாள்! மாறியது என்ன? சந்தனம். போஸ்ட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் சந்தனம் இறங்கிக் காய்ந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டில் இதற்கென்று பசை விற்கிறார்களாம், உள்ளே மணல் மாதிரித் துகள் இருக்குமாம். நம் வீட்டுச் சந்தனத்தில் அதைவிட நயமான துகள் இருக்கிறது. போஸ்ட்டைக் கழற்றி, சந்தனக் கட்டையை அரை மணி நேரம் இழைத்து, முழு நீளத்துக்கும் தடவி மாட்டினேன். கிளப்பில் எழுதிப் போட்டேன். துரைராஜ் உட்பட நான்கு பேர் சந்தனம் தடவப்போவதாகச் சொன்னார்கள்.

வசந்தாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். தோள் குலுங்கியது. தும்மல் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 4, சனி

62. வாசனையோடு.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்னும் ஐந்து நாள். துரைராஜின் சைக்கிளில் சந்தனம் காய்ந்து போஸ்ட் கழலவே மாட்டேன் என்கிறதாம். என்னைத் திட்டி எழுதியிருக்கிறார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

தூக்கம் சரியில்லை. மறுபடி அந்த வேனில் உட்கார நேர்ந்தால் கேன்டீன் பக்கம் தலைகாட்ட முடியாது. சின்ன விஷயம்தான். ஆனால் ஐம்பத்திரண்டு வயதில் ஒரு ஆள் தன்னைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தையாவது நிற்க வேண்டாமா.

அக்டோபர் 10, வெள்ளி

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

வெர்னியரை வீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தேன். எடுக்க வந்தபோது மணி பத்து நாற்பது. வாசலில் சைக்கிள் இல்லை. கதவு பூட்டியிருந்தது. திருட்டு என்றே முடிவு செய்தேன். போலீசில் சொல்ல வேண்டியதற்குச் சட்ட எண் மனப்பாடம், போஸ்ட் விட்டமும் மனப்பாடம். ஸ்கூட்டரைத் திருப்பும்போது தெருமுனையில் இஸ்திரி வண்டி மயில்சாமி, என்ன சார் இந்நேரத்தில் என்றார். சைக்கிள் திருடு போய்விட்டது என்றேன்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அம்மா இப்பத்தானுங்க எடுத்துட்டுப் போனாங்க. பத்தரைக்குப் போனா பன்னெண்டுக்குள்ள வந்துருவாங்க. தெனமும் போறதுதானுங்களே."

தினமும் என்று நான் திருப்பிச் சொன்னேன். ஆகஸ்ட்டிலிருந்து என்றார். முதல் வாரம் அவர்தான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினாராம்.

மயில்சாமி கைகாட்டிய ஓணாப்பாளையம் ரோட்டில் அவள் கண்ணில் பட்டாள். ரொம்பப் பின்னாலேயே வந்தேன். சுடிதார் போட்டு, துப்பட்டாவைக் குறுக்கே கட்டி, முதுகு நேராக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தாள். வசந்தாமணிதானா என்று சந்தேகமாக இருந்தது. வீட்டில் நான் பார்ப்பது பெரும்பாலும் அடுப்பைப் பார்த்து நிற்கும் முதுகு. அதுவும் இதுவும் ஒரே முதுகு என்று நம்பக் கஷ்டமாக இருந்தது. புளியமரத்துக்கிட்டே கியர் மாற்றினாள். சத்தமே வரவில்லை. நான் ஒன்பது மாதமாக இறங்கித் தள்ளுகிற மேட்டில், கால் ஊன்றாமல், உச்சிவரை போனாள். உச்சியில் நின்று தண்ணீர் குடித்தாள். தானாகச் சிரித்துக்கொண்டாள்.

நான் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். என்னைவிட அவள் எவ்வளவு குட்டை என்று எனக்கு இதுவரை அளவில் தெரியாது.

வெட்கமாக இருக்கிறது. போஸ்ட்டைக் குறை சொன்னதற்காக அல்ல.

மாலை ஆறு மணிக்குச் சைக்கிளை இமானுவேல் கடைக்கு ஓட்டிப்போனேன். ஏறி இறங்குகிற போஸ்ட் வேண்டும் என்றேன். ஹேண்டில்பாரில் ஒரு லீவர் இருக்கும். அதை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் சீட்டு இறங்கும், அமுக்கிக்கொண்டு எழுந்தால் ஏறும், விட்ட இடத்தில் நிற்கும். ஏற்றத்துக்கு ஒரு உயரம், இறக்கத்துக்கு ஒரு உயரம், தொழில்நுட்ப ரீதியாக எனக்கு இது அவசியம் என்று விளக்கினேன். இமானுவேல் ஸ்பேனரை எடுத்தார். அம்மாவுக்கு எது சரியான உயரம் என்று மட்டும் கேட்டார். அறுபத்திரண்டு கீழே என்றேன்.

அக்டோபர் 11, சனி

இரண்டாம் சனி, விடுமுறை. வசந்தாமணி வாசல் பெருக்க வந்தவள், ஹேண்டில்பாரில் புது லீவரைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டாள். ஏற்றம், இறக்கம், தொழில்நுட்பம் என்று ஆரம்பித்தேன். எவ்வளவு இறங்கும் என்றாள். வேண்டிய அளவு இறங்கும், அறுபத்திரண்டு வேண்டுமானால் அறுபத்திரண்டு என்றேன்.

அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"எப்பங்க தெரிஞ்சுது?"

"நேத்து."

கொஞ்ச நேரம் லீவரை அமுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "ஏனுங்க, ஓட்டிட்டு வந்து ஒரு நாளாச்சும் சீட்டை மேல ஏத்தி வெச்சிருப்பனுங்களா? அப்புடியே கீழதானுங்க உட்டு வெச்சேன். பாத்துட்டு என்னன்னு கேப்பீங்கன்னு இருந்தேன். கடைக்காரரைக் கேட்டீங்க. கிளப்புல கேட்டீங்க. வாட்சப்புல ஊரையே கேட்டீங்க. என்னைக் கேக்கலீங்க."

  மேட்டில் நன்றாகப் போகிறாய் என்றேன். பின்னாலேயே வந்தீர்களா என்றாள். ஸ்கூட்டரில் என்றேன். அதற்கு மட்டும் சிரித்தாள்.

நாளைக்கு அவளும் வருகிறாள். அதாவது வேனில். எங்கள் கிளப்பில் ஆண்கள் சைக்கிளில் போவார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் புளிசோற்று அண்டாவோடு வேனில் பின்னால் வருவார்கள். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். ஏன் என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு. ஆனைகட்டி

ஆறு மணிக்குக் கணுவாயில் கிளம்பினோம். வசந்தாமணி சுடிதாரும் கான்வாஸ் ஷூவும் போட்டிருந்தாள். புளிசோறு பரிமாற ஷூ எதற்கு என்று துரைராஜின் மனைவி கேட்டார். யானை வந்தால் ஓடுவதற்கு என்றாள்.

மாங்கரை சோதனைச்சாவடி தாண்டி மலைப்பாதை ஆரம்பித்தது. முதல் மேட்டில் கால் ஊன்றவில்லை. இரண்டாவது வளைவிலும் ஊன்றவில்லை. மூச்சு சீராக இருந்தது. சீட்டு கல் மாதிரி நின்றது. எனக்கே ஆச்சரியம், இன்று நான் போய்ச் சேர்ந்திருப்பேன். அதை இங்கே பதிவு செய்கிறேன்.

வேன் என் பக்கத்தில் வந்தது. ஜன்னலோரம் வசந்தாமணி. அண்டா சாயாமல் ஒரு கையால் பிடித்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இருக்கிற ரோட்டைப் பார்த்தாள். அடுத்த வளைவு எங்கே, மேடு எங்கே செங்குத்தாகிறது என்று பார்த்தாள். மற்றொரு கைக் கட்டைவிரல், இல்லாத கியரை மாற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு வலது கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது. கடுமையான பிடிப்பு. கால் ஊன்றினேன்.

வேன் நின்றது. முன்னால் போன துரைராஜும் நின்று, சைக்கிளை மேலே கட்டிவிட்டு நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள் என்றார். குரலில் சந்தோஷம் இருந்தது. சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆளுக்குத்தான் வலது கால் பிடித்துவிட்டது, அதை எதற்குக் கட்ட வேண்டும், வசந்தாமணி ஓட்டி வரட்டும் என்றேன். தங்கச்சிக்கு ஓட்டத் தெரியுமா என்று துரைராஜ் சிரித்தார். ஜனவரியில் சிரித்த அதே சிரிப்பு. இந்தத் தடவை நான் கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை.

வசந்தாமணி இறங்கி வந்தாள். அண்டாவை என் கையில் கொடுத்தாள். துப்பட்டாவைக் கட்டினாள். லீவரை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். சீட்டு இறங்கியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பட்டப்பகலில், வேண்டிய அளவு இறங்கியது.

"நெசமாலுமே காலு புடிச்சிருச்சுங்களா?" என்று என்னிடம் மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"நெசமாத்தான். நீ போ. வண்டி நிக்குது பாரு."

போனாள். வேன் டிரைவரிடம் முந்த வேண்டாம், பின்னாலேயே போ என்றேன். ஜன்னல் வழியாக ஏதாவது யோசனை சொல்லலாம் என்று தலையை வெளியே நீட்டினேன். சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. சரியான கியரில்தான் போனாள். மூன்றாவது வளைவில் துரைராஜ் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார். கடக்கும்போது வசந்தாமணி மணி அடித்தாள். அதற்குப் பிறகு மேலே போகும்வரை வேனுக்குள் இருந்த ஆறு பெண்களும் ஜன்னல் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார்கள். துரைராஜின் மனைவி மட்டும், அந்தச் சைக்கிள் எந்தக் கடையில் வாங்கியது என்று என் காதில் கேட்டார்.

ஆனைகட்டியில் நான் புளிசோறு பரிமாறினேன். ஆலை ஆட்கள் இரண்டு பேர், வந்துட்டார்ப்பா வேன் சென்னியப்பன் என்றார்கள். ஆமாம் என்று சொல்லி ஆளுக்கு ஒரு கரண்டி கூடப் போட்டேன். சந்தோஷமாக இருந்தது. எந்த மேட்டை ஏறியும் நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கண் கொஞ்சம் கலங்கியது. கலங்கினால் கலங்கட்டும்.

அக்டோபர் 13, திங்கள்

ஆலைக்கு அரை நாள் லீவு சொன்னேன், கால் வலி என்று. வசந்தாமணி நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். காலை நீட்டுங்கள் என்றாள். நீட்டினேன். கெண்டைக்காலை நன்றாக அமுக்கித் தேய்த்தாள். அங்கே வலிக்கிறதா, இங்கே வலிக்கிறதா என்று கேட்டாள். வலிக்கிற இடத்தில் வலிக்கிறது என்றும், இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய் என்றும் சொன்னேன்.

அவள் கை நின்றது.

"நேத்து வலது காலுன்னுதானுங்க சொன்னீங்க?"

பார்த்தேன். நீட்டியிருந்தது இடது கால்.

இருபத்தேழு வருடத்தில் என் அறிக்கை ஒன்றில்கூட இடமும் வலமும் மாறியதில்லை. மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.  அவள் கிண்ணத்தில் இருந்த எண்ணெயைக் கையில் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள்.

"செரி, அதையும் நீட்டுங்க" என்றாள்.

நீட்டினேன். இரண்டு காலுக்கும் தேய்த்துவிட்டாள்.